ஒன்றும் இல்லை என்று சொல்லாத டாக்டர்

ஹேமலதா குரல் செய்தி அனுப்பியிருந்தாள். வரிக்கு ஒருமுறை "ரொம்ப சிம்பிள் லா, அக்கா" என்று சொல்லியிருந்தாள். ஒரு காரியத்தை யாராவது அத்தனை முறை சிம்பிள் என்றால், அது நம் தலையில்தான் விழப்போகிறது என்று அர்த்தம்.

விஷயம் இதுதான். சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் ஞாயிற்றுக்கிழமைகளில் நடக்கும் வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை முகாமை, நான் ஓய்வு பெற்ற பிறகு அவள்தான் கவனித்துக்கொள்கிறாள். முகாமுக்குப் புதிதாக ஒரு கேமரா வந்திருக்கிறது. பேனா பருமன்தான் இருக்கும். வாய்க்குள் நீல வெளிச்சம் அடிக்கும், சந்தேகமான இடம் கறுப்பாகத் தெரியும், படம் உடனே கைத்தொலைபேசிக்கு வந்துவிடும். தொண்டூழியர்களுக்கு அதில் பயிற்சி கொடுக்கப்போகிறார்கள். அதற்கு முன்னால் நான் போய்ப் பத்து நிமிடம் என் அனுபவத்தைப் பேச வேண்டுமாம். ஸ்லைட் இருந்தால் இன்னும் நல்லதாம்.

எனக்கு ஸ்லைட் செய்யத் தெரியாது. பத்து நிமிடம் என்பது நான் வணக்கம் சொல்லி, மைக்கைத் தட்டிப் பார்த்து, தண்ணீர் குடிப்பதற்கே சரியாக இருக்கும். எழுதிக் கொடுக்கிறேன், படித்துக்கொள்ளுங்கள் என்றேன். "இன்னும் பெட்டர்!" என்றாள். அதனால்தான் இந்தக் கட்டுரை.

கேமராவோடு எனக்குப் பகை ஒன்றும் இல்லை. நாங்கள் வேலை பார்த்த நாளில் இருந்திருந்தால் கையெடுத்துக் கும்பிட்டிருப்போம். ஆனால் கேமரா வாய்க்குள் போன பிறகுதானே வேலை செய்யும்? வாயைத் திறக்க வைக்கும் வேலை இன்னும் நம்முடையதுதான். எனக்கு அதைப் பற்றி மட்டும்தான் சொல்லத் தெரியும்.

என் ஆரம்ப காலத்தைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். பள்ளிப் படிப்பு முடிந்ததும் பல் மருத்துவ உதவியாளர் பயிற்சி. முதலில் பள்ளிக்கூடப் பல் மருத்துவக் கூடங்களில் போட்டார்கள். அங்கே பிள்ளைகளிடம் கடி வாங்கினேன். பிறகு பலதுறை மருந்தகத்தில் சில வருடங்கள். அங்கே பெரியவர்களிடம் திட்டு வாங்கினேன். அதற்குப் பிறகு மருத்துவமனையில் வாய் அறுவை சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றினார்கள். டாக்டர் ஞானாம்பிகையின் அறை எனக்கு ஒதுக்கப்பட்டது. நான் வேலை கற்றுக்கொண்டது அங்கேதான்.

டாக்டர் ஞானாம்பிகை என்னைவிட வயதில் இளையவர். தாத்தா காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து குமாஸ்தா வேலைக்கு வந்த குடும்பம், காத்தோங்கில் வீடு. இங்கேயே பிறந்து ஆங்கிலத்தில் படித்தவர்தான். ஆனால் தமிழ் பேசினால் அவர் வீட்டுத் தமிழ் அப்படியே வரும். "வாயை வடிவாத் திறவுங்கோ" என்பார். நோயாளிகள் என் காதருகில் குனிந்து, "மிஸ்ஸி, டாக்டர் மலையாளமா?" என்று கேட்பார்கள். இந்த ஊரில் பழைய ஆட்களுக்குத் தாதி, உதவியாளர் எல்லாருமே மிஸ்ஸிதான். நானும் கடைசி வரை மிஸ்ஸியாகவே இருந்து ஓய்வு பெற்றேன்.

டாக்டர் அதிகம் பேசமாட்டார். சிரிப்பதும் குறைவு. முதல் சில மாதங்கள் எனக்கு அவரைப் பிடிக்கவில்லை, சிடுமூஞ்சி என்றுதான் நினைத்தேன். ஆனால் அவர் ஒரு வாயைப் பார்க்கும் விதத்தைப் பார்க்கப் பார்க்க எனக்குள் மரியாதை வந்துவிட்டது.

நோயாளி கதவைத் திறந்து உள்ளே வரும்போதே பரிசோதனை தொடங்கிவிடும். பேரைக் கேட்பார், ஊரைக் கேட்பார், எப்படி வந்தீர்கள் பஸ்ஸா ரயிலா என்று கேட்பார். பதில் அவருக்கு முக்கியமில்லை. பேச்சு குழறுகிறதா, ஒரு கன்னம் உப்பியிருக்கிறதா, எச்சில் விழுங்கச் சிரமப்படுகிறாரா என்று பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு நாற்காலிக்குப் பின்னால் போய் நின்று, இரண்டு கையாலும் தாடைக்கு அடியிலிருந்து கழுத்து வரை மெதுவாகத் தடவிப் பார்ப்பார். கட்டி தட்டுப்படுகிறதா என்பதற்காக. அடுத்தது பல் செட். கட்டாயம் கழற்ற வேண்டும். அதற்குப் பெரியவர்கள் வெட்கப்படுவார்கள் என்பதால், ஒரு திசுத்தாளைக் கையில் கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். அவர்கள் கழற்றி முடிக்கும் வரை வெளியே மழை வருமா என்று பார்ப்பதுபோல நிற்பார்.

அதன் பிறகுதான் விளக்கு. உதட்டை மடித்துப் பார்ப்பார். இரண்டு கன்னத்தின் உட்புறம், ஈறு, மேல் அண்ணம். கடைசியாக நாக்கு. நாக்கின் நுனியைத் துணிப்பஞ்சால் பிடித்து, வலிக்காமல் ஒரு பக்கம் இழுத்து ஓரத்தைக் கடைசி வரை பார்ப்பார். பிறகு மறு பக்கம். நாக்கைத் தூக்கச் சொல்லி அடியில் பார்ப்பார். ஒரு விரலை உள்ளேயும் மறு கையைத் தாடைக்கு அடியிலும் வைத்து அழுத்திப் பார்ப்பார். வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, இரண்டு வாரம் ஆகியும் ஆறாத புண், கெட்டியாகத் தட்டுப்படும் இடம். இவற்றைத்தான் தேடுவார். "வலிக்குதா?" என்ற கேள்வி எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் வரும். இந்த நோய் தொடக்கத்தில் பெரும்பாலும் வலிக்காது. வலித்தால் எல்லாரும் ஓடி வந்திருப்பார்களே.

அவரிடம் ஒரு கண்டிப்பு இருந்தது. எங்கள் அறையில் யாரும் நோயாளியிடம் "ஒன்றும் இல்லை" என்று சொல்லக்கூடாது. ஒருமுறை பயிற்சிக்கு வந்த இளம் டாக்டர் ஒருவர், பயந்து நடுங்கிய ஒரு பெரியவரின் தோளைத் தட்டி, "ஒண்ணும் இல்ல அங்கிள், டோன்ட் வொரி" என்று அனுப்பிவைத்தார். பெரியவர் போன பிறகு டாக்டர் ஞானாம்பிகை கதவைச் சாத்தினார்.

"ஒண்டும் இல்லை எண்டு ஆர் உங்களுக்குச் சொன்னது?"

"கண்ணுக்கு எதுவும் தெரியலையே, டாக்டர்."

"அப்ப, இண்டைக்கு எனக்கு ஒண்டும் தெரியேல்ல எண்டு சொல்லுங்கோ. நீங்கள் சொன்னதைக் கேட்ட மனுசன் இனிப் பத்து வருசத்துக்கு வாயைத் திறந்து காட்டாது."

அது உண்மைதான். நம் ஆட்கள் மருத்துவமனைக்கு வருவதே அந்த இரண்டு வார்த்தையைக் கேட்கத்தான். கேட்டுவிட்டால் சாமி வரம் கொடுத்த மாதிரி வாங்கி முடிந்துகொண்டு போய்விடுவார்கள். அடுத்த முறை வரும்போது நிலைமை கை மீறியிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை முகாமைத் தொடங்கி வைத்தவரும் அவர்தான். தேக்காவுக்குப் பக்கத்தில், ஒரு அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் நாற்காலிகள் போட்டு, விளக்கு வைத்துப் பார்ப்போம். நான் புக்கிட் பாஞ்சாங்கிலிருந்து காலையிலேயே ரயில் ஏறி வந்துவிடுவேன். வெளிநாட்டு ஊழியர்கள் விடுதியிலிருந்து வந்து வரிசையில் நிற்பார்கள். பரிசோதனையைவிட, முடிவில் கிடைக்கும் பற்பசைப் பையும் சாப்பாட்டுப் பொட்டலமும் அவர்களை இழுத்தன என்பதை ஒத்துக்கொள்ள எங்களுக்கு வெட்கம் இல்லை. எதற்காக வந்தால் என்ன, வந்தார்களே.

அங்கேதான் ஒரு சங்கடம். மெல்லும் புகையிலை இந்த நாட்டில் தடை. யாராவது கண்டுபிடித்து முதலாளியிடம் சொல்லிவிட்டால் வேலை போய்விடும் என்று அவர்களுக்குப் பயம். அதனால் வரும் முன்னால் குழாயடியில் நின்று பல்லை, ஈறை, நாக்கை எல்லாம் ரத்தம் வரத் தேய்த்துவிட்டு வருவார்கள். டாக்டர் முன்னால் அழுக்கு வாயோடு உட்காரலாமா என்ற மரியாதையும் அதில் சேர்ந்திருந்தது. தேய்த்ததில் வந்த சிவப்பு எது, நோயின் சிவப்பு எது என்று எங்களுக்குத் திண்டாட்டமாகிவிடும். "புகையிலை போடுவீங்களா?" என்று கேட்டால் அத்தனை பேரும் சத்தியம் செய்வார்கள்.

டாக்டர் அப்படிக் கேட்கமாட்டார். வாயைத் திறக்கச் சொல்லிவிட்டு, விளக்கைச் சரிசெய்துகொண்டே சாதாரணமாகக் கேட்பார். "எந்தப் பக்கம் ஒதுக்கிறனீங்கள்?"

"இடது பக்கம் மேடம்" என்று பதில் வந்துவிடும். சொன்ன பிறகுதான் அந்தப் பையனுக்கு முகம் வெளுக்கும். "பயப்படாதேங்கோ. நாங்கள் போலீஸ் இல்லை" என்று சொல்லிவிட்டு இடது கன்னத்தை நன்றாகப் பார்ப்பார். போடுவீங்களா என்று கேட்டால் குற்றம் சாட்டுவது, எந்தப் பக்கம் என்று கேட்டால் வைத்தியம் பார்ப்பது. ஹேமலதா, இதை மட்டும் உன் தொண்டூழியப் பிள்ளைகளுக்கு முதல் நாளே சொல்லிக் கொடுத்துவிடு.

இனி ராஜாமணி அக்காவின் கதைக்கு வருகிறேன். நான் எழுத ஒத்துக்கொண்டதே அவருக்காகத்தான். எழுதலாமா என்று அவரிடம் கேட்டுவிட்டேன். "பேரப் போடுங்க மிஸ்ஸி, போட்டோ மட்டும் வேணாம்" என்றார்.

தேக்கா உணவங்காடியில் அவருக்கு ஒரு சாப்பாட்டுக் கடை. சோறு, குழம்பு, ரசம், இரண்டு காய், மீன். கணவர் இறந்த பிறகு அந்தக் கடையை வைத்துத்தான் மகள் ஷாலினியைப் படிக்கவைத்தார். எங்கள் முகாமுக்கு மதியச் சாப்பாட்டுப் பொட்டலங்கள் அவர் கடையிலிருந்துதான் வரும். அவரே சுமந்துகொண்டு வருவார். எத்தனையோ ஞாயிறு எங்கள் நாற்காலிகளைச் சுற்றிச் சுற்றிப் பொட்டலம் கொடுத்திருக்கிறார், ஒரு நாளும் அதில் உட்கார்ந்ததில்லை. நாங்களும் உட்காரச் சொன்னதில்லை. சோறு போடுகிறவரை யார் நோயாளியாக நினைப்பார்கள்?

ஒரு ஞாயிறு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது டாக்டர் பொட்டலத்தைப் பார்த்தபடி கேட்டார்.

"புஷ்பம், ராஜாமணிக்கு என்ன?"

"ஏன் டாக்டர்?"

"போன முறை குழம்பில உப்புக் கூட. இந்த முறை உப்பே இல்லை. இவ்வளவு வருசத்தில ஒரு நாளும் இப்பிடி வரேல்ல."

எனக்கும் தெரிந்துதான் இருந்தது. சும்மா கிடைக்கிற வேளையில் குறை சொல்லக்கூடாது என்று விழுங்கிவிட்டேன். "புது ஆள் யாரையாவது சமைக்க வச்சிருப்பாங்க" என்றேன். "கேட்டுப் பாருங்கோ" என்றார்.

மறுநாள் மாலை கடைக்குப் போனேன். அக்கா கடைக்குப் பின்னால் உட்கார்ந்து தயிர்ச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவ்வளவு குழம்பையும் ரசத்தையும் வைத்துக்கொண்டு தயிர்ச் சோறு. அதையும் கரண்டி நுனியில் கொஞ்சமாக எடுத்து, உதட்டை லேசாகத் திறந்து உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார்.

"சமைக்கிறது நீங்கதானே அக்கா?"

"பின்ன யாரு? டேஸ்ட் மட்டும் பாக்கறதில்ல. காரம் பட்டா வாய் எரியுது லா. உடம்பு சூடு. தினமும் இளநீ குடிக்கிறேன்."

"எப்பலேர்ந்து எரியுது?"

"தைப்பூசத்துக்கு முன்னாடியே."

அப்போது ஆடி மாதம். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன டப்பாவில் வெட்டுப் பாக்கு இருந்தது. ஒரு வாடிக்கையாளருக்கும் அடுத்தவருக்கும் இடையில் ஒரு துண்டு எடுத்துப் போட்டுக்கொள்வார் என்பது எனக்குத் தெரியும். நான் டப்பாவைப் பார்ப்பதை அவர் பார்த்தார்.

"நான் பொகையில தொட்டதே இல்ல மிஸ்ஸி. வெறும் பாக்குதான். சாமிக்கு வைக்கிற பொருள், அது என்ன பண்ணும்?"

இதை எத்தனை பேர் வாயால் கேட்டிருக்கிறேன். புகையிலை கெடுதல் என்பது எல்லாருக்கும் தெரியும், பாக்கும் கெடுதல் என்றால் நம்மை நாத்திகர் மாதிரிப் பார்ப்பார்கள். பாக்கு தனியாகவே வாயை இறுக்கிவிடும், புற்றுநோய்க்கும் வழிவிடும். நான் அங்கே பாடம் நடத்தவில்லை. மூன்று விரலைச் சேர்த்து நிமிர்த்தி வாயில் வைத்துக் காட்டினேன். "இதே மாதிரி வைங்க பாப்போம்." அவர் விளையாட்டாக நினைத்து வைத்துப் பார்த்தார். இரண்டு விரலுக்கு மேல் போகவில்லை. "என்ன இது, வாய் சின்னதாப் போச்சு!" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்த ஞாயிறு கூட்டம் கலைந்த பிறகு அவரை நாற்காலியில் உட்காரவைத்தோம். டாக்டர் எப்போதும்போலக் கழுத்திலிருந்து தொடங்கி ஒன்றையும் விடாமல் பார்த்தார். கன்னத்தின் உட்புறம் இரண்டும் வெளுத்து, தோல் பை மாதிரி விறைத்திருந்தன. நாக்கைப் பிடித்து இழுத்தார். இடது ஓரத்தில், பின்னால், ஒரு வெள்ளைத் திட்டும் நடுவில் ஒரு சின்னப் புண்ணும் இருந்தன. அங்கே அவர் விரல் கொஞ்ச நேரம் நின்றது.

"வலிக்குதா?"

"இல்லையே."

டாக்டர் கையுறையைக் கழற்றினார். "இதில ஒரு சின்னத் துண்டு எடுத்துச் சோதிச்சுப் பாக்க வேணும். விறைக்க ஊசி போட்டுத்தான் எடுப்பம்."

அக்கா எழுந்துவிட்டார். "கத்தி வைக்கறதா? வேணாம் டாக்டர். கத்தி பட்டா பரவிடும்னு எல்லாரும் சொல்றாங்க. எங்க மாமாவுக்கு அப்படித்தான், ஆபரேஷன் பண்ணாங்க, மூணு மாசத்துல போயிட்டாரு."

"அவர் கடைசி நேரத்தில வந்திருப்பார். கத்தி பட்டுப் பரவாது ராஜாமணி. கத்தி படாமல் விட்டாத்தான் பரவும்."

"ஷாலினிக்குக் கல்யாணம் வச்சிருக்கோம். தை மாசம். அது முடியட்டும், நானே வரேன்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "கேன்சர்னு பேச்சு கெளம்பினா மாப்பிள்ள வீட்ல என்ன நெனப்பாங்க? பொண்ணுக்கும் வருமோன்னு யோசிக்க மாட்டாங்களா?"

டாக்டர் புற்றுநோய் என்று சொல்லவில்லை. ஒன்றும் இல்லை என்றும் சொல்லவில்லை. அக்கா என் பக்கம் திரும்பி என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க சொல்லுங்க மிஸ்ஸி. ஒண்ணும் இல்லதானே?"

என் வேலை நாளில் அதைவிடக் கஷ்டமான நிமிடம் இல்லை. வார்த்தை தொண்டை வரை வந்துவிட்டது. சொன்னால் அந்த முகம் எப்படி மலரும் என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை. அவர் என் கையை விட்டுவிட்டுக் காலிக் கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மருத்துவமனையில் தேதி கொடுத்தோம், வரவில்லை. இன்னொரு தேதி கொடுத்தோம், அதற்கும் வரவில்லை. தொலைபேசியில் கேட்டால், "கடையில கூட்டம் மிஸ்ஸி" என்பார். வாரங்கள் போய்க்கொண்டிருந்தன. அந்தப் புண் காத்துக்கொண்டிருக்காது என்பது எனக்குத் தெரிந்ததால் தூக்கம் சரியாக வரவில்லை.

ஒரு நாள் வேலை முடிந்ததும் தோ பாயோவில் அவர் வீட்டுக்கே போனேன். கதவைத் திறந்தவள் ஷாலினி. கூடத்தில் சோபா முழுக்கக் கல்யாணப் புடவைகள். அக்கா என்னைப் பார்த்ததும், நான் வாயைத் திறப்பதற்குள், "லஞ்ச் ஆர்டர் விஷயமா வந்திருக்காங்க" என்று மகளிடம் சொல்லிவிட்டார். நான் என்ன செய்ய? உட்கார்ந்து, முகாமுக்கு எத்தனை சைவம், எத்தனை அசைவம் என்று கணக்குச் சொல்லி, ஷாலினி கொடுத்த காப்பியைக் குடித்து, புடவைகளைப் புகழ்ந்துவிட்டு எழுந்தேன். லிஃப்ட் வரை வந்த அக்கா, "அவகிட்ட சொல்லிடாதீங்க மிஸ்ஸி" என்றார்.

"நான் சொல்ல முடியாதுக்கா. நோயாளி சமாச்சாரத்த வெளிய சொல்றது எங்க வேலையில்ல. நீங்கதான் சொல்லணும்."

லிஃப்ட் கதவு மூடியதும் எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. மறுநாள் டாக்டரிடம் கொட்டித் தீர்த்தேன். "இவ்வளவு சொல்லியும் வரலைன்னா அவங்க தலையெழுத்து, டாக்டர். விடுங்க."

அவர் கை கழுவிக்கொண்டிருந்தார். "நாளைக்கு மத்தியானம் அங்க சாப்பாட்டுக்குப் போவம்" என்றார்.

போனோம். மதியக் கூட்டம் ஓய்ந்திருந்தது. சோறு, சாம்பார், கீரை, ரசம், மீன் குழம்பு எல்லாம் கேட்டு வாங்கினார் டாக்டர். அக்காவுக்கு எங்களைக் கண்டதும் உள்ளூரப் பயம்தான், இருந்தாலும் இலையில் தாராளமாகப் பரிமாறினார். டாக்டர் ஒவ்வொன்றாகச் சாப்பிட்டார். மிச்சம் வைக்கவில்லை. கடைசியில், கடைக்காரர்கள் எல்லாரும் கேட்கும் கேள்வியை அக்காவும் கேட்டார்.

"எப்படி இருக்கு டாக்டர்?"

இதற்கு இந்த உலகத்தில் ஒரே பதில்தான் உண்டு, நன்றாக இருக்கிறது என்பது.

"சாம்பாரில உப்புக் கூட. கீரையில உப்பே இல்லை. மீன் குழம்புக்குப் புளி பத்தாது."

பக்கத்துக் கோப்பிக் கடைச் சீனர் தமிழ் தெரியாமலே திரும்பிப் பார்த்தார், அக்காவின் முகம் அப்படி மாறியிருந்தது. துண்டு எடுக்க வேண்டும் என்று சொன்னபோதுகூட அவர் அப்படி ஆகவில்லை.

"யாருமே சொல்லலையே..." என்றார். "ஷாலினி தினம் இதத்தான் சாப்பிடுறா. அவகூட ஒண்ணும் சொல்லலையே."

"உங்கட கையில பிழை இல்லை, ராஜாமணி. நாக்கைத்தான் பாக்க வேணும்." டாக்டர் தண்ணீர் குடித்தார். "கல்யாணச் சாப்பாடு ஆர் சமைக்கிறது?"

"நான்தான். என் பொண்ணு கல்யாணத்துக்கு வேற யாரு?"

"இந்த உப்போடயா?"

அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். நான் எழுந்து அவர் பக்கத்தில் போய் நின்றேன். டாக்டர் எழவில்லை, அவசரப்படுத்தவும் இல்லை. முந்தானைக்குள்ளிருந்து குரல் வந்தது. "எப்ப வரணும்?"

அன்று வீட்டுக்குப் போய் மகளிடம் அவரே சொன்னார். ஷாலினி விடுப்பு எடுத்துக்கொண்டு கூடவே வந்தாள். காத்திருக்கும் இடத்தில் என்னைப் பார்த்து விம்மினாள். "சாப்பாடு உப்பா இருக்குன்னு எனக்குத் தெரியும் ஆன்ட்டி. அம்மா மனசு கஷ்டப்படும்னு சொல்லல." அம்மா நோயை மறைத்தார், மகள் உப்பை மறைத்தாள். இரண்டும் பாசத்தால்தான்.

துண்டு எடுப்பது பெரிய வேலையில்லை. விறைப்பதற்கு ஊசி, அரிசி அளவில் ஒரு துண்டு, ஒரு தையல், பேர் ஒட்டிய சின்ன புட்டி. அக்கா என் விரல்களை நசுக்கியது மட்டும்தான் எனக்கு நினைவிருக்கிறது. முடிவு வந்த அன்று டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. "புற்றுநோய்தான். ஆனா சின்னதிலயே பிடிச்சிட்டம்" என்றார். நாக்கின் இடது ஓரத்தை வெட்டி எடுத்தார்கள், பரவியிருக்குமோ என்று கழுத்திலும் கீறினார்கள். அக்காவுக்கு ரகரமும் லகரமும் அதற்குப் பிறகு கொஞ்சம் மழுங்கியே வந்தன.

அவர் பயந்த சம்பந்தியம்மா மருத்துவமனைக்குக் கஞ்சியோடு வந்தார். அக்கா எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் காட்டினார். படித்து முடித்த சம்பந்தியம்மா, கல்யாணத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கைப்பையைத் திறந்து ஒரு பொட்டலத்தை எடுத்துக் காட்டினார். "மிஸ்ஸி, நானும் வெறும் பாக்குதான் போடுறேன். இதுவும் அப்படித்தானா?"

அடுத்த ஞாயிறு அவரை நாற்காலியில் உட்காரவைத்தேன்.

கல்யாணம் தை மாதமே நடந்தது. தாம்பூலத் தட்டில் வெற்றிலையும் பாக்கும் இருந்தன. "தட்டுல இருக்கட்டும், வாயில வேணாம்" என்று அக்கா வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். சமையலை அவர்தான் நின்று பார்த்தார், உப்புப் பார்த்தது சம்பந்தியம்மா. சாம்பார் நன்றாக இருந்தது, பாயசத்தில்தான் இனிப்பு தூக்கல்.

இப்போதும் அக்கா முகாமுக்குப் பொட்டலம் கொண்டுவருகிறார். ஒரே வித்தியாசம், நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தவருக்குத்தான் பொட்டலம் கிடைக்கும். வரிசையில் தயங்கி நிற்கிற பையனைக் கண்டால் தன் நாக்கை நீட்டி ஓரத்தைக் காட்டுவார். "எந்தப் பக்கம் தம்பி?" என்று கேட்பார். டாக்டரிடமிருந்து பிடுங்கிய கேள்வி. கேமரா எந்தப் படம் காட்டினாலும் அந்த நாக்குக்கு ஈடாகாது. ஸ்லைட் கேட்டாயே ஹேமலதா, பயிற்சி அன்று அவரைக் கூட்டிக்கொண்டு வருகிறேன்.

கடைசியாக ஒன்று. அறுவை சிகிச்சைக்குப் பிறகு அக்கா தவறாமல் பரிசோதனைக்கு வந்தார். ஒவ்வொரு முறையும் நாற்காலியிலிருந்து இறங்கும்போது அதே கேள்வி. "ஒண்ணும் இல்லதானே டாக்டர்?" ஒவ்வொரு முறையும் அதே பதில். "இண்டைக்குப் புதுசா ஒண்டும் தெரியேல்ல. திரும்ப வாங்கோ." வெளியே வந்து என்னிடம் பொரிந்து தள்ளுவார். "வாயத் தொறந்து ஒரு வார்த்த சொன்னா இந்தம்மாவுக்குக் கொறஞ்சா போயிடும்?"

வருடங்கள் ஓடின. நான் ஓய்வு பெறும் வாரத்தில் அக்காவுக்குப் பரிசோதனை வந்தது. அறுவை சிகிச்சை முடிந்து அன்று ஐந்து வருடம் நிறைந்திருந்தது. அதுவரை நோய் திரும்பாவிட்டால் இனிப் பெரும்பாலும் திரும்பாது என்பது எங்கள் கணக்கு. டாக்டர் அவசரமே படவில்லை. கழுத்தைத் தடவினார். உதட்டை மடித்தார். இரண்டு கன்னம், அண்ணம், ஈறு. நாக்கைப் பஞ்சால் பிடித்து இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். அடியில் விரலை வைத்து அழுத்தினார். விளக்கை அணைத்துவிட்டுக் கையுறைகளைக் கழற்றினார். அக்கா கேள்வி கேட்க வாயெடுப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"ஒண்டும் இல்லை, ராஜாமணி."

அக்கா என்னைப் பார்த்தார். நான் டாக்டரைப் பார்த்தேன். அத்தனை வருடத்தில் அவர் வாயால் நான் கேட்டறியாத வார்த்தை. கையிலிருந்த தட்டை மேசையில் வைத்தேன்.

"ஆறு மாதத்தில திரும்ப வாங்கோ" என்றார் டாக்டர்.

அக்காவுக்குக் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, ஆனால் வாய் சும்மா இருக்குமா? "ஒண்ணும் இல்லன்னா எதுக்கு டாக்டர் திரும்ப வரணும்?"

"ஒண்டும் இல்லை எண்டு திரும்பவும் சொல்லத்தான்."